இந்த கோட் எந்த வீட்டுப் பிள்ளை?

நம்ம எல்லார் லேப்டாப்லயும் தினமும் நடக்கிற, ஆனா யாரும் நின்று கவனிக்காத ஒரு விஷயத்தோட வரலாறுதான் இன்றைக்கு. கோடிங் தெரியாதவர்களும் தாராளமா கேட்கலாம். பெயர் வைக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சம்பவம். 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்கிற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள் கணினிகளில் அவர் எழுதிய கோட் ஓடியிருந்தது. பாஸ்வேர்ட் எதையும் அவர் திருடவில்லை. யாருக்கும் போலி மெயில் அனுப்பவில்லை. அந்த நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்திய சில பேக்கேஜ்களின் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயர்களில் பொதுக் களஞ்சியத்தில் தன்னுடைய பேக்கேஜ்களை ஏற்றி வைத்தார். அவ்வளவுதான். நிறுவனங்களின் மெஷின்கள் தாங்களாகவே வந்து அதை எடுத்துக்கொண்டு போய் ஓட்டின.

பெயர் ஒன்று, வீடு வேறு. மெஷினுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கேள்வி இதுதான். ஒரு கோட் துண்டைக் கையில் கொடுத்தால், அது எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? பதில் கொஞ்சம் சங்கடமானது. அந்தத் துண்டைப் பார்த்து மட்டும் தெரியாது. வேறு எங்கேயோ யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். அறுபது வருஷமா அந்தக் குறிப்பை எங்கெங்கே எழுதி வைத்தார்கள், அது தொலைந்தபோதும் மாறிப்போனபோதும் என்ன ஆச்சு என்பதுதான் இன்றைய கதை.

ஒரே ஊர், ஒரே பட்டியல்

1958-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்கிற மொழியை உருவாக்க ஆரம்பித்தார். ஐபிஎம் 704 என்கிற, ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் மெஷினில் அது முதலில் ஓடியது. லிஸ்ப் பெயர்களை நடத்தும் விதம் எளிமையானது. உள்ளே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். நீங்க ஒரு பெயரை டைப் செய்தால், அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதே ஆளைக் கூப்பிடும். இல்லையென்றால் புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளும்.

ஒருத்தர் எழுதி ஒருத்தர் ஓட்டும் காலத்தில் இதில் பிரச்சினையே கிடையாது. ஊரில் ஒரே ஒரு சதீஷ் இருக்கிறவரைக்கும் 'சதீஷ்' என்று கூப்பிட்டால் அவர்தான் திரும்பிப் பார்ப்பார்.

அப்புறம் புரோகிராம்கள் பெரிதாகின. 1968-ல் எம்ஐடியில் மேக்சிமா என்கிற கணித புரோகிராமைத் தொடங்கினார்கள். சமன்பாடுகளைக் குறியீடாகவே வைத்துத் தீர்க்கும் புரோகிராம் அது. பல பேர் பல வருஷம் அதில் எழுதினார்கள். ஒரே பட்டியலில் எல்லார் பெயரும் சேர்ந்துகொண்டே போனது. நான் 'பிரிண்ட்-லைன்' என்று ஒரு ஃபங்ஷன் எழுதுகிறேன், அடுத்த மேஜைக்காரரும் அதே பெயரில் ஒன்று எழுதுகிறார் என்று வையுங்க. கடைசியாக யார் கோட் லோட் ஆகிறதோ அவருடையதுதான் நிற்கும். முதல் ஆளுடையது சத்தமே இல்லாமல் அழிந்துபோகும். எர்ரர் வந்தாலாவது தெரியும். இங்கே அதுவும் வராது.

நம்ம போனில் இதை எப்படிச் சமாளிக்கிறோம்? 'சதீஷ் ஆபீஸ்', 'சதீஷ் ஜிம்', 'சதீஷ் பிளம்பர்'. பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஒட்டு. அன்றைய புரோகிராமர்களும் அதையேதான் செய்தார்கள். இந்த ஒட்டு இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

இரண்டு நெட்வொர்க், ஒரே பெயர்

1970-களில் அதே எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் முதலானவர்கள் லிஸ்ப் மெஷின் என்று ஒன்றைக் கட்டினார்கள். லிஸ்ப் ஓட்டுவதற்கென்றே செய்த கணினி. இதில் ஒரு வினோதம் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம், எடிட்டர், நெட்வொர்க், நீங்க எழுதும் புரோகிராம் எல்லாமே ஒரே நினைவகத்தில், ஒரே லிஸ்ப் உலகத்தில் சேர்ந்து வாழும். நடுவில் சுவர் கிடையாது. சிஸ்டத்தின் எந்த ஃபங்ஷனையும் நீங்க திறந்து பார்க்கலாம், அங்கேயே மாற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே!

சுதந்திரம்தான். ஆனால் சுவர் இல்லாத வீட்டில் பெயர் மோதல் எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்க. நீங்க தெரியாமல் வைத்த ஒரு பெயர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரோடு மோதினால், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டின கதைதான்.

டேனியல் வைன்ரெப்பும் டேவிட் மூனும் எழுதிய லிஸ்ப் மெஷின் கையேட்டில் பேக்கேஜ் என்பது ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம் வருகிறது. அந்த மெஷின்கள் இரண்டு நெட்வொர்க்குகளோடு பேசும். ஒன்று, எம்ஐடிக்குள் ஓடிய கேயாஸ்நெட். இன்னொன்று, இன்றைய இன்டர்நெட்டின் மூதாதை ஆர்ப்பாநெட். இரண்டுக்கும் தனித்தனி புரோகிராம். இரண்டை எழுதியவர்களுக்குமே 'கெட்-பாக்கெட்' என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் வேண்டும். வரும் தகவல் பொட்டலத்தை வாங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? யாரையும் பெயரை மாற்று என்று சொல்ல நியாயமில்லை.

தீர்வு, ஊருக்கு ஒரே பட்டியல் என்பதை விட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்தது. கேயாஸ் வீட்டுக்கு ஒன்று, ஆர்ப்பா வீட்டுக்கு ஒன்று. வீட்டுக்குள் இருக்கும்போது வெறும் 'கெட்-பாக்கெட்' போதும். வெளியிலிருந்து கூப்பிட்டால் வீட்டுப் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் ஆள் பெயர். 'கேயாஸ்:கெட்-பாக்கெட்'. எழுத்து ஒன்றாக இருந்தாலும் மெஷினுக்கு இப்போது இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள்.

நல்ல தீர்வு. ஆனால் இது ஒரு புதுப் பிரச்சினையைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது.

நான் இப்போ எந்த வீட்டில் இருக்கேன்?

லிஸ்ப் மெஷினில் வேலை செய்யும் முறையைக் கற்பனை செய்து பாருங்க. ஆயிரம் வரி உள்ள ஃபைல். அதன் நடுவில் ஒரு ஃபங்ஷனில் பிழை. அதை மட்டும் திருத்துகிறீர்கள். முழு ஃபைலையும் மறுபடி லோட் செய்யத் தேவையில்லை. அந்த ஒரு ஃபங்ஷன் மேல் கர்சரை வைத்து ஒரு கீ அழுத்தினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குள் புது கோட் போய்விடும்.

இப்போ அந்த ஃபங்ஷனின் எழுத்தை மட்டும் பாருங்க. 'கெட்-பாக்கெட்' என்று இருக்கிறது. கேயாஸா ஆர்ப்பாவா என்று அதில் எங்கேயும் இல்லை. வீட்டுக்குள் வெறும் பெயர் போதும் என்றுதானே ஏற்பாடு? எடிட்டர் தப்பான வீட்டுக்கு அதை அனுப்பினால் என்ன ஆகும்? எர்ரர் வராது. அந்தத் தப்பான வீட்டில் 'கெட்-பாக்கெட்' என்று ஒரு புது ஆள் பிறந்துவிடுவார். சரியான வீட்டில் பழைய ஆள் பழைய பிழையோடு அப்படியே உட்கார்ந்திருப்பார். நீங்க திரையைப் பார்க்கிறீர்கள், கோட் திருத்தியாச்சு. ஓட்டிப் பார்க்கிறீர்கள், பிழை அப்படியே இருக்கு. மறுபடி திருத்தி, மறுபடி ஓட்டினாலும் அதே கதை. கண் முன்னாடி இருக்கும் கோடுக்கும் மெஷினில் ஓடும் கோடுக்கும் உறவு அறுந்துபோனதை நீங்க கண்டுபிடிப்பதற்குள் ஒரு மத்தியானம் போய்விடும்.

அதனால் எடிட்டருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு வந்தது. எழுத்தைக் காட்டுவது மட்டும் போதாது, இந்த எழுத்து எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். லிஸ்ப் மெஷின் எடிட்டர்கள் அதற்கு ஃபைலின் முதல் வரியைப் பயன்படுத்தின. இரண்டு பக்கமும் கோடு-நட்சத்திரம்-கோடு போட்டு, நடுவில் 'இது லிஸ்ப் ஃபைல், பேக்கேஜ் கேயாஸ்' என்பது மாதிரி ஒரு குறிப்பு. எடிட்டர் ஃபைலைத் திறந்ததும் முதலில் அதைப் படித்துக்கொள்ளும். அப்புறம் நீங்க எந்த மூலையில் கீ அழுத்தினாலும், கோடோடு வீட்டு முகவரியும் சேர்ந்து போகும்.

அந்த கோடு-நட்சத்திரம்-கோடு குறி இன்றும் உயிரோடு இருக்கிறது. பழைய பைத்தான் ஃபைல்களின் தலையில் எழுத்துக் குறியாக்க வகையைச் சொல்ல அதே மாதிரி ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஈமேக்ஸ் எடிட்டர் குடும்பத்தின் பழக்கம் அது.

ஸ்பெல்லிங் மிஸ்டேக்கில் பிறந்த வீடு

1980-களின் தொடக்கத்தில் லிஸ்ப் பல கிளைமொழிகளாகச் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவர காமன் லிஸ்ப் வந்தது. கய் ஸ்டீல் எழுதிய அதன் முதல் புத்தகம் 1984-ல் வெளியானது. அதில் பேக்கேஜ் குறிப்பு முதல் வரிக் கமென்ட்டிலிருந்து இறங்கி கோடுக்குள்ளேயே வந்தது. 'இன்-பேக்கேஜ்' என்று ஒரு கட்டளை. ஃபைலில் அந்த வரிக்குக் கீழே வருவதெல்லாம் அந்த வீட்டைச் சேர்ந்தது.

இது பெரிய முன்னேற்றம். கமென்ட் என்பது மனிதர்களுக்கும் எடிட்டருக்கும் இடையிலான ஏற்பாடு. கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. இப்போது கம்பைலரே குறிப்பைப் படிக்கிறது.

ஆனால் 1984-ல் அந்தக் கட்டளைக்கு ஒரு தாராள குணம் இருந்தது. நீங்க சொன்ன பேக்கேஜ் இல்லையென்றால், அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஒரு எழுத்து தப்பாக டைப் செய்தால் என்ன ஆகும்? அந்தத் தப்பான பெயரில் ஒரு புது வீடு. கீழே உள்ள அத்தனை கோடும் அந்தப் புது வீட்டுக்குக் குடிபோய்விடும்.

1994-ல் காமன் லிஸ்ப் அமெரிக்கத் தரமாக, அதாவது ஆன்சி தரமாக வந்தபோது இதை மாற்றினார்கள். வீட்டைக் கட்டுவது தனி வேலை, அதற்கு 'டெஃப்பேக்கேஜ்'. உள்ளே போவது தனி வேலை, அதற்கு 'இன்-பேக்கேஜ்'. இல்லாத வீட்டுக்குள் போக முயன்றால் எர்ரர். சின்ன மாற்றம்தான், ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இது. 'தெரியாத பெயரா, பரவாயில்லை, நானே பார்த்துக்கறேன்' என்று மெஷின் சொன்ன இடத்தில், 'தெரியாது, நில்லு' என்று சொல்ல வைத்தார்கள். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் தேவைப்படும்.

பட்டியலே இல்லாத எடிட்டர்

இதற்கிடையே 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ ஈமேக்ஸ் எடிட்டரை வெளியிட்டார். அதற்குள்ளேயே ஒரு லிஸ்ப் இருக்கிறது, ஈமேக்ஸ் லிஸ்ப். அதில் இந்த பேக்கேஜ் வீடுகள் கிடையாது. பழையபடி எல்லாருக்கும் ஒரே பட்டியல். மோதலைத் தவிர்க்க அதே 'சதீஷ் ஜிம்' உத்திதான். ஆர்க் மோட் என்றால் அதன் எல்லாப் பெயர்களும் 'ஆர்க்-' என்று தொடங்கும். மெயில் படிக்கும் நியூஸ் என்றால் 'நியூஸ்-'. வெளியார் தொடக் கூடாத உள்வேலைப் பெயர் என்றால் நடுவில் இரண்டு கோடு.

இதைக் காப்பாற்ற மெஷினுக்குள் எந்தக் காவலும் இல்லை, எழுதுகிறவர்களின் ஒழுங்கு மட்டும்தான். நாற்பது வருஷம் ஓடிவிட்டது என்பதையும் சொல்லணும். ஏன் ஓடியது? பெயர் எங்கே போனாலும் ஒட்டு கூடவே போகிறது. ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டினாலும் அது எந்த வீடு என்று தெரியும். விலை என்னவென்றால், எல்லாப் பெயரும் ரயில் மாதிரி நீளும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காமன் லிஸ்ப் எழுதுபவர்களில் பலர் பயன்படுத்துவது இதே ஈமேக்ஸைத்தான். ஆக, பேக்கேஜே இல்லாத ஒரு எடிட்டர், பேக்கேஜ் உள்ள ஒரு மொழிக்குக் கணக்கு வைக்க வேண்டும்! 2003-ல் லூக் கோரி, ஹெல்முட் எல்லர் முதலானவர்கள் தொடங்கிய ஸ்லைம் என்கிற கருவி அதைச் செய்கிறது. நீங்க ஒரு ஃபங்ஷனை அனுப்பும்போது, ஸ்லைம் கர்சர் இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடும். எதிர்ப்படும் முதல் 'இன்-பேக்கேஜ்' வரிதான் உங்க வீடு என்று முடிவு செய்து, கோடோடு அந்தப் பெயரையும் லிஸ்ப்புக்கு அனுப்பும்.

கவனியுங்க, இங்கே கோடைப் புரிந்துகொள்ளுதல் எதுவும் இல்லை. எழுத்தைத் தேடும் தேடல்தான். தெருப் பெயர்ப் பலகையைப் பார்த்து எந்த ஏரியா என்று சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பலகையை யாராவது மாற்றி நட்டிருந்தால் கதை கந்தல்.

ஃபைலே இல்லாத ஊர்

இதுவரை பார்த்ததெல்லாம் கோட் ஃபைலில் இருக்கும் உலகம். ஃபைலே இல்லை என்றால்?

கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டேன் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் ஆகியோரின் குழு 1970-களில் ஸ்மால்டாக்கை உருவாக்கியது. அதில் கோட் முழுவதும் 'இமேஜ்' என்ற ஓர் உயிருள்ள நினைவகப் பிரதிக்குள் இருக்கும். அதைச் சேமித்து மூடலாம், நாளைக்குத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரவுசர் ஜன்னலில் கிளாஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மெத்தட் ஒன்றைத் திறந்து, திருத்தி, சேமிப்பீர்கள். முதல் வரிக் குறிப்பு எழுத முதல் வரி என்று ஒன்றே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்மால்டாக்கில் சிஸ்டத்தின் சொந்த கிளாஸ்களுக்கே நீங்க புது மெத்தட் சேர்க்கலாம். எழுத்துச் சரங்களைக் கையாளும் 'ஸ்ட்ரிங்' கிளாஸ் சிஸ்டத்துடையது. அதில் உங்க புரோகிராமுக்காக ஒரு மெத்தட் சேர்க்கிறீர்கள். இப்போது அந்த மெத்தட் யாருடையது? குடியிருப்பது ஸ்ட்ரிங் வீட்டில். பிறந்தது உங்க வீட்டில்.

1996-ல் வந்த ஸ்க்வீக் என்கிற திறந்த ஸ்மால்டாக்கில் இந்தக் கேள்வி பெரிதானது, ஏனென்றால் பலர் சேர்ந்து எழுதி ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டியிருந்தது. ஏவி பிரையன்ட்டும் காலின் புட்னியும் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மான்டிசெல்லோ என்கிற பதிப்புக் கருவி இருக்கும் வசதியையே வைத்துச் சமாளித்தது. ஸ்மால்டாக்கில் கிளாஸ்களையும் மெத்தட்களையும் வகைப்படுத்த ஏற்கெனவே தலைப்புகள் உண்டு. உங்க பேக்கேஜ் பெயரில் தொடங்கும் தலைப்பில் உள்ள கிளாஸ்கள் எல்லாம் உங்களுடையவை. பிறர் கிளாஸில் நீங்க சேர்த்த மெத்தட் என்றால், அதன் தலைப்பில் ஒரு நட்சத்திரம் போட்டு உங்க பேக்கேஜ் பெயரை எழுத வேண்டும். நட்சத்திரம் போட்டது வெளியூர்ப் பிள்ளை என்று அர்த்தம்.

நட்சத்திரம் போட மறந்தால்? உங்க மெஷினில் எல்லாம் ஜோராக ஓடும், மெத்தட் இமேஜுக்குள்தானே இருக்கு. பேக்கேஜைச் சேமித்து நண்பருக்கு அனுப்புவீர்கள். அந்த ஒரு மெத்தட் மட்டும் கூடப் போகாது. அங்கே 'இந்தச் செய்தி புரியவில்லை' என்று எர்ரர். 'என் மெஷின்ல ஓடுதே' என்கிற உலகப் பொதுவசனம் உதயமாகும் இடங்களில் இதுவும் ஒன்று.

தலைப்பின் தொடக்க எழுத்துகளைப் பொருத்திப் பார்ப்பதிலும் ஓட்டை உண்டு. 'கெர்னல்' என்று ஒரு பேக்கேஜ், 'கெர்னல்-டெஸ்ட்ஸ்' என்று இன்னொன்று இருந்தால், இரண்டாவதை முதலாவதும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடும். ஸ்க்வீக்கிலிருந்து 2008-ல் பிரிந்த ஃபாரோ பிற்பாடு பேக்கேஜை எழுத்துப் பொருத்தமாக விடாமல், சிஸ்டத்துக்குள் ஒரு நிஜப் பொருளாகவே ஆக்கியது.

ஊர் உலகம் ஆனபோது

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் ஒருத்தர் மத்தியானத்தைக் கெடுத்தன. அடுத்த கட்டத்தில் விலை ஏறியது.

1990-களின் நடுவில் வந்த ஜாவா, பேக்கேஜ் பெயரை இணைய முகவரியைத் தலைகீழாகப் போட்டு எழுதச் சொன்னது. டொமைன் உங்களுடையது என்றால் பெயரும் உங்களுடையது. நல்ல யோசனை, ஏனென்றால் பெயருக்குப் பின்னால் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். 2010-ல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்காக வந்த என்பிஎம் எளிமையான வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு சொல், முதலில் வந்து எடுத்தவருக்கு. கவனிச்சீங்களா? 1958-ன் ஒரே பட்டியல் திரும்பி வந்தது. இந்த முறை ஒரு மெஷினுக்கு அல்ல, உலகத்துக்கே.

2016 மார்ச் 22. அசெர் கோச்சுலு என்கிற புரோகிராமர் 'கிக்' என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். கிக் என்ற மெசேஜிங் நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார். என்பிஎம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. கோபத்தில் அவர் தன்னுடைய எல்லா பேக்கேஜ்களையும், 250-க்கும் மேல், நீக்கிவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட். எழுத்துச் சரத்தின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வெறும் 11 வரி கோட். பேபல் உள்ளிட்ட பெரிய கருவிகள் சுற்றி வளைத்து அதை நம்பியிருந்ததால், உலகெங்கும் பில்ட்கள் விழுந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மறுபடி கொண்டுவந்தது. தாங்கள் லெஃப்ட்-பேட் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறோம் என்பதே பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போ பிர்சானுக்குத் திரும்புவோம். நிறுவனங்களுக்குள் தனிக் களஞ்சியம் இருக்கும், அதில் உள் பேக்கேஜ்கள். கோடில் எழுதியிருப்பது பெயர் மட்டும். எந்தக் களஞ்சியம் என்பது வேறொரு செட்டிங்கில். சில கருவிகள் இரண்டு இடத்திலும் தேடி, பதிப்பு எண் எது பெரிதோ அதை எடுத்தன. பைத்தானின் பிப் கருவிக்குக் கூடுதலாக ஒரு களஞ்சியத்தைக் காட்டினால் அது இப்படித்தான் நடந்துகொள்ளும். பிர்சான் அதே பெயரில் பெரிய எண் போட்டு ஏற்றினார். மெஷின் அவருடையதை எடுத்தது. நல்லவேளை, அவர் அந்த நிறுவனங்களின் பரிசுத் திட்டங்கள் மூலமோ தனி ஒப்பந்தத்தின் மூலமோ அனுமதியோடு சோதித்தவர். 1,30,000 டாலருக்கும் மேல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. வேறு நோக்கம் உள்ள ஒருவர் செய்திருந்தால், அந்த மெஷின்களில் இருந்த எல்லாம் அவர் கையில்.

கேயாஸும் ஆர்ப்பாவும் ஞாபகம் இருக்கா? அதே பிரச்சினைதான். எழுத்தில் பெயர் மட்டும் இருக்கிறது, வீடு இல்லை. வீட்டைக் கருவி ஊகித்தது. ஊகம் தவறியபோது 'நில்லு' என்று சொல்லாமல், கிடைத்ததை எடுத்துக்கொண்டது. 1994-ல் லிஸ்ப்காரர்கள் மூடிய கதவு வேறொரு தெருவில் திறந்தே கிடந்தது.

குறிப்பு இப்போ எங்கே இருக்கு?

இப்போதைய கருவிகள் அந்தக் குறிப்பைக் கோடுக்கு நெருக்கமாகக் கொண்டுவரப் பார்க்கின்றன. என்பிஎம்மில் நிறுவனப் பெயரை முன்னால் போட்டு எழுதும் வசதி வந்தது. அதுவும் ஒரு ஒட்டுதான், ஆனால் இதற்குக் காவல் உண்டு. லாக் ஃபைலில் பேக்கேஜ் எந்த முகவரியிலிருந்து வந்தது, அதன் உள்ளடக்கத்தின் கைரேகை என்ன என்று பதிவாகிறது. 2023 முதல், இந்த பேக்கேஜ் எந்த மூலக் கோடிலிருந்து, எங்கே பில்ட் ஆனது என்ற சான்றையும் என்பிஎம்மில் சேர்த்து வெளியிடலாம்.

ஆனா புதுசா ஒரு கதவும் திறந்திருக்கு. ஏஐ-யிடம் கோட் எழுதச் சொன்னால், சில நேரம் இல்லாத பேக்கேஜ் ஒன்றின் பெயரை அது நம்பிக்கையோடு எழுதிவிடும். கேட்க உண்மையான பெயர் மாதிரியே இருக்கும். அந்தப் பெயரை வேறு யாராவது போய் முதலில் பதிவு செய்துவிட்டால்? இன்ஸ்டால் கட்டளை எர்ரர் தராது. 1984-ன் 'இன்-பேக்கேஜ்' ஸ்பெல்லிங் மிஸ்டேக்கில் ஒரு காலி வீடு கட்டிக் கொடுத்தது. இங்கே வீடு காலியாக இருக்காது, உள்ளே ஆள் காத்திருப்பார்.

அதனால் ஒரே ஒரு வேலை சொல்றேன். உங்ககிட்ட ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட் ஏதாவது இருந்தா, அதில் பேக்கேஜ்-லாக் ஃபைலைத் திறங்க. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் 'ரிசால்வ்டு' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு முகவரி. லிஸ்ப் மெஷின் ஃபைலின் முதல் வரியில் நட்சத்திரங்களுக்கு நடுவே எழுதிய அதே குறிப்புதான் அது, இந்தக் காலத்து உருவத்தில். பத்துப் பதினைந்து வரி கீழே இறங்கிப் படிங்க. எல்லாம் நீங்க எதிர்பார்த்த முகவரிதானா என்று பாருங்க. நீங்க கேள்வியே படாத பெயர்கள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்க.

எண்ணிக்கை எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.